பூங்காவில் யார் இல்லை?

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய பாடம் வரும்போது, நகராட்சியின் பணிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடுவோம். குடிநீர், தெருவிளக்கு, சாலை, துப்புரவு. அந்த வரிசையின் கடைசியில் பூங்கா. அதையாவது கொஞ்சம் சுவையாக நடத்தலாமே என்று சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் பகுதிப் பூங்கா எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து வாருங்கள் என்றேன்.

மறுநாள் எல்லாத் தாளிலும் ஒரே பூங்கா வந்தது. ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், நடுவில் நீரூற்று, சுற்றிலும் ரோஜாச் செடிகள். ஒருவன் மட்டும் கூடுதலாக ஒரு மான் வரைந்திருந்தான். கடையில் விற்கும் படத்தாளில் பார்த்த பூங்கா அது. சிவப்பு மையில் ‘நன்று’ போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்று கடைசிப் பாடவேளையில் ஏதோ நினைத்து, போன வாரம் பூங்காவுக்குப் போனவர்கள் கை தூக்கச் சொன்னேன். பையன்களில் பாதிப் பேர் தூக்கினார்கள். பெண்பிள்ளைகள் பக்கம் இரண்டே கைகள். அந்த இருவரும் தம்பியைக் கூட்டிப் போனவர்கள். தம்பி விளையாடினான், அவர்கள் ஓரமாக நின்றுவிட்டு வந்தார்கள்.

என் கேள்விதான் பிழை என்று அப்போது புரிந்தது. போகாத இடத்தைப் பற்றி ‘எப்படி இருக்க வேண்டும்’ என்று கேட்டால், பார்த்த படத்தைத்தான் வரைவார்கள். முதலில் கேட்டிருக்க வேண்டியது, பூங்காவில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் ஒரு செயல்திட்டத்தை இங்கே விரித்து எழுதுகிறேன். ஆரணியையும் அதைச் சுற்றியுள்ள நெசவு ஊர்களையும் மனத்தில் வைத்து எழுதினாலும், எந்த ஊர்ப் பள்ளியிலும் செய்யலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளும் அதன் ஒரு பகுதியைச் செய்ய முடியும்.

வியன்னாவில் கவனித்தது

பெண்பிள்ளைகள் பூங்காவிலிருந்து மறைந்துபோவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1990-களின் நடுவில் நடந்த ஓர் ஆய்வும் இதையே கண்டது. ஒன்பது, பத்து வயதைத் தாண்டியதும் பொதுப் பூங்காக்களில் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைகிறது. பையன்களின் எண்ணிக்கை அப்படிக் குறைவதில்லை. யாரும் அவர்களைத் துரத்தவில்லை. பூங்காவில் ஒரே ஒரு பெரிய வெட்டவெளி இருந்தது. அதற்கு யார் முதலில் வந்து பந்தை உருட்டுகிறார்களோ அவர்களுடையது அந்த இடம். போட்டி போட்டு இடம் பிடிப்பதைவிடப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பெண்பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

நகர நிர்வாகம் மார்கரேட்டன் என்னும் 5-ஆம் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை எடுத்துக்கொண்டு, 1999 வாக்கில் மாற்றி அமைத்தது. அவற்றுள் ஒன்று ஐன்ஸீட்லர் பூங்கா. பெரிய வெட்டவெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். பூங்காவுக்குள் போக வர நடைபாதைகளைக் கூட்டினார்கள். கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பையன்களும் போய்விடவில்லை.

இதில் நமக்கு உதவும் செய்தி, அங்கே வேலை தொடங்கியது வரைபடத்தில் அல்ல, எண்ணிக்கையில் என்பது. எண்ணுவது நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

நான்கு வேளை எண்ணுதல்

அட்டவணை மிக எளியது. இடப்பக்கத்தில் நான்கு வேளை: காலை ஏழு மணி, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்தரை, இரவு ஏழரை. மேலே ஆறு பத்திகள்: ஐந்து வயதுக்கு உட்பட்டவர், பத்து வயது வரையுள்ள பையன்கள், அதே வயதுப் பெண்பிள்ளைகள், பத்துக்கு மேல் பையன்கள், பத்துக்கு மேல் பெண்பிள்ளைகள், பெரியவர்கள். பெரியவர்களை ஆண், பெண், முதியோர் என்று பிரித்தால் இன்னும் நல்லது. கட்டங்களில் நேர்க்கோட்டுக் குறிகள் மட்டும். வார நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று என இரண்டு நாள் போதும்.

பகல் பன்னிரண்டு மணி எண்ணிக்கையை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாம். இரவு வேளைக்குக் குழந்தைகளை அனுப்ப வேண்டாம். பூங்காவுக்கு அருகில் குடியிருக்கும் பெற்றோர் ஒருவரை எண்ணித் தரச் சொல்லலாம். மற்ற வேளைகளிலும் தலைமையாசிரியரின் அனுமதியும், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் ஒருவரின் துணையும் வேண்டும். யார் பெயரையும் எழுதக் கூடாது, யாரையும் படம் எடுக்கக் கூடாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். பையன்கள் கையில் கைபேசி இருந்தால் இந்த இரண்டாவது விதி மறந்துபோகும். கைபேசியை வாங்கி வைத்துவிடுவதே மேல்.

திரும்பி வந்ததும் கணக்குப் பாடவேளை தானாக நடக்கும். எடுத்துக்காட்டாக, மாலை ஐந்தரைக்கு 40 பேர் இருந்தார்கள், அவர்களில் பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் 3 பேர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் மூன்று என்பது 7.5 சதவீதம். அதே வயதுப் பெண்பிள்ளைகள் நம் வகுப்பில் ஏறத்தாழப் பாதி. பட்டை விளக்கப்படத்தில் அந்த ஒற்றைக் குட்டைப் பட்டையைப் பார்த்ததும் வகுப்பில் எழும் பேச்சை ஆசிரியர் தொடங்கி வைக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாலே போதும்.

நெசவுத் தெருவின் நேரம்

எண்ணிக்கைக்கு விளக்கம் தேடும்போது ஊரின் தொழில் உள்ளே வரும். ஆரணியிலும் சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கத்திலும் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் அந்தப் பட்டு தங்கள் விளையாட்டு நேரத்தையும் சேர்த்தே நெய்யப்படுகிறது என்பதை யோசித்திருக்க மாட்டார்கள். பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்றித் தரச் சொல்வார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இந்த இரண்டும் பெரும்பாலும் பெண்பிள்ளை தலையில்தான் விழும். அந்த வேலை முடியும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். பூங்காவில் விளக்கு எரியவில்லை என்றால் அதோடு முடிந்தது.

இதை வகுப்பில் விசாரணையாக்கிவிடக் கூடாது. ‘உன் அம்மா உன்னை வேலை வாங்குகிறாரா’ என்று ஒரு குழந்தையை எழுப்பிக் கேட்பது கொடுமை. பெயர் எழுதாத துண்டுச் சீட்டில், நேற்று மாலை நான்கரை முதல் ஏழு வரை என்ன செய்தாய் என்று அரை மணிக் கணக்கில் எழுதி வாங்கலாம். பையன்கள் சீட்டு, பெண்கள் சீட்டு என்று இரண்டு பெட்டி வைத்தால் போதும்.

தெருவையும் மறக்கக் கூடாது. நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டியிருக்கும். வெயில் ஏறியதும் பாவைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள். அதன்பின் அதே தெரு குழந்தைகளுடையது, மாலையில் திண்ணைப் பேச்சுக்கு உரியது. ஒரே இடத்தை வேளை பிரித்துப் பயன்படுத்தும் வழக்கம் இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. சேலம், நாமக்கல் பக்கத்து நெசவு ஊர்களில் ‘பாவடி’ என்றே பொது நிலங்கள் உண்டு. பாவு விரித்து வேலை செய்வதற்காக நெசவாளர்கள் பொதுவில் வைத்திருந்த வெளி அது. பின்னாளில் சில பாவடிகளில் பள்ளிகள் எழுந்தன. சில, விழாத் திடலாகவும் விளையாட்டிடமாகவும் ஆயின. ‘பொது இடம்’ என்ற சொல்லைப் பாடநூல் வரையறையால் விளக்குவதைவிட, பாவடியைச் சொல்லி விளக்கினால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு உடனே பிடிபடும். தாத்தா, பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னால், நம் தெருவில் பாவு எங்கே நீட்டினார்கள், அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்ற ஒரு சிறு வரலாறும் கிடைக்கும்.

வராதவர்களிடம் கேட்பது

அடுத்த கட்டம் நேர்காணல். பூங்காவுக்கு வருபவர்களிடம் கேட்பது எளிது. வராதவர்களைத் தேடிப் போவதுதான் வேலை. பக்கத்து வீட்டு அக்கா, சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் அம்மா, நாள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா. ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டால் எல்லாரும் சறுக்குமரம், ஊஞ்சல், பெஞ்சு என்பார்கள். கேள்வியை மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது அங்கே போனீர்கள்? ஏன் சீக்கிரம் திரும்பினீர்கள்? போக நினைத்தும் போகாத நாள் எது, எதனால்? இப்படிக் கேட்டால் வருவது பொருள்களின் பட்டியல் அல்ல, காரணங்கள். கழிப்பறை இல்லை என்பார் ஒருவர். வாசலில் மேடாக இருக்கிறது, வண்டி ஏறாது என்பார் இன்னொருவர். குழித்தறியில் எட்டு மணி நேரம் அமர்ந்தவருக்கு மாலையில் பெஞ்சைவிட நடக்க ஒரு சுற்றுப்பாதைதான் தேவைப்படும் என்பது, யோசித்துப் பார்த்தால் நமக்கே தெரிந்திருக்க வேண்டியது.

சென்னை சாந்தோமில் மாநகராட்சி, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் மற்றவர்களும் சேர்ந்து விளையாடும்படி ஒரு பூங்காவை அமைத்திருக்கிறது. சென்னைக்குப் போகும் ஆசிரியர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், சாய்தளம் என்பது கட்டடத்துக்கு மட்டும் உரியதல்ல என்பது விளங்கும்.

இந்தக் கட்டத்தில் கட்டாயம் ஒரு சண்டை வரும். கிரிக்கெட் ஆடும் அண்ணன்கள் மேல் எல்லாப் பழியும் விழும். அவர்களுக்கும் வேறு இடம் இல்லை என்பதை ஆசிரியர் எடுத்துச் சொல்ல வேண்டும். ஊருக்குக் கோட்டை மைதானம் இருக்கிறதே என்றால், அது எல்லாத் தெருவுக்கும் எட்டும் தொலைவில் இல்லை. தில்லியில் நிஜாமுதீன் பஸ்தி என்ற நெருக்கமான பழைய குடியிருப்பில், 2007-இல் தொடங்கிய புனரமைப்புப் பணியில் ஆகா கான் அறக்கட்டளை பூங்காக்களை அங்குள்ள மக்களைக் கலந்துகொண்டு திருத்தியது. எல்லாருக்கும் எல்லாம் என்று ஒரே பூங்காவில் திணிக்காமல், பெண்களும் குழந்தைகளும் மட்டும் வரும் பூங்கா ஒன்று, குடும்ப விழாக்களுக்கு ஒன்று, பையன்கள் ஆட ஒன்று எனப் பிரித்தார்கள். பஸ்தியில் நடந்த அந்த முழுப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது 2021-இல் கிடைத்தது. பெண்களுக்குத் தனிப் பூங்கா சரியா என்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு விவாதமே வைக்கலாம். எனக்குத் தயக்கம் உண்டு: தனி இடம் கொடுத்துவிட்டால் பொது இடம் முழுவதும் ஆண்களுடையது என்றாகிவிடாதா? ஆனால் அந்தப் பூங்காவுக்கு வரும் பெண்கள் அது வேண்டும் என்றுதான் கேட்டார்கள். என் தயக்கத்தை விட அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம்.

பாவு நீளத்தில் ஓர் அளவு

இனி அளப்பது. அளவு நாடா ஒன்றும் கயிறும் போதும். நெசவாளர் பிள்ளைகளுக்கு மீட்டரைவிட நெருக்கமான அளவு ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. சேலை ஐந்தரை மீட்டர். ரவிக்கைத் துணியோடு சேர்த்தால் ஆறேகால் வரும். மூன்று சேலைக்கான பாவு என்றால் பதினெட்டு மீட்டரைத் தாண்டும். கைப்பந்து ஆடுகளத்தின் நீளமும் 18 மீட்டர்தான், அகலம் 9 மீட்டர். இதைச் சொன்னதும் பிள்ளைகள் கண்ணை மூடி அந்த நீளத்தைப் பார்த்துவிடுவார்கள்.

பூங்கா 30 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் என்று கொள்வோம். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவுத்திட்டம் வைத்தால் சார்ட் அட்டையில் அடங்கிவிடும். மரம், கிணறு, மின்கம்பம், வாசல் ஆகியவற்றை முதலில் குறித்துவிட வேண்டும். அவற்றை நகர்த்த முடியாது. மற்றவற்றை வண்ணத் தாளில் அதே அளவில் வெட்டி வைத்துக்கொண்டு, நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். கைப்பந்துக்கு மட்டும் 162 போய்விடும். வளையப்பந்து ஆடுகளம் 12.2-க்கு 5.5 மீட்டர், ஏறத்தாழ 67 சதுர மீட்டர். கிரிக்கெட் ஆடுகளத்தின் நடுத்தளம் மட்டுமே 20.12 மீட்டர் நீளம். அதன் பின் பந்து ஓட இடம் வேண்டும். யார் என்ன கேட்டாலும் தாள் துண்டை அட்டையில் வைத்துக் காட்டு என்று சொல்லிவிட்டால், வாய்ச்சண்டை பரப்பளவுக் கணக்காக மாறிவிடும். நம் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் விரும்பி ஆடும் வளையப்பந்துக்கு எவ்வளவு சிறிய இடம் போதும் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

அறிவியல் ஆசிரியர் ஒரு நாள் உதவினால் இன்னொன்றும் செய்யலாம். பிற்பகல் மூன்று மணிக்குத் தகரச் சறுக்குமரத்தின் மேல், சிமென்ட் பெஞ்சில், வேப்பமர நிழல் மண்ணில் என மூன்று இடத்தில் வெப்பநிலை எடுப்பது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 டிகிரியோடு நின்றுவிடும். ஆய்வக வெப்பமானியே எடுத்துப் போக வேண்டும். சறுக்குமரத்தை வாங்குவதற்கு முன் நிழலைத் திட்டமிட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். புங்கனோ பூவரசோ இன்று நட்டால் நிழல் தரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே இருக்கும் மரத்தடிக்கு விளையாட்டுப் பொருள்களை நகர்த்துவதா என்ற கேள்வி எழும்.

கடிதம் எழுதிக் கேட்ட நகரம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் குழந்தைகள் விளையாட இடமில்லை. நகராட்சியில் பணியாற்றிய இளம் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947-இல் பெர்டெல்மன் சதுக்கத்தில் சிறிய விளையாட்டிடம் ஒன்றை வடிவமைத்தார். அகலமான விளிம்பு கொண்ட ஒரு மணல்குழி, தாவிச் செல்ல உருளைக் கற்கள், தொங்கி ஆட இரும்புக் கம்பிகள். வேலி கிடையாது. மணல்குழியின் விளிம்பில் தாய்மார்கள் உட்கார்ந்தார்கள். குழந்தைகள் அதையே கடையாகவும் கப்பலாகவும் ஆக்கிக்கொண்டார்கள். அதைப் பார்த்த மற்றத் தெருக்காரர்கள், எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். இடிந்த வீடு இருந்த காலி மனைகளிலும் தெருமுனைகளிலும் அவை பெருகின. 1978 வரையில் எழுநூறுக்கும் மேல்.

நம் தமிழ்ப் பாடத்தில் விண்ணப்பக் கடிதம் ஆண்டுதோறும் வருகிறது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற சட்டகத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதம் தேர்வுத்தாளை விட்டு வெளியே போவதே இல்லை. ஒருமுறை போகட்டும். நகராட்சி ஆணையருக்கும் வார்டு உறுப்பினருக்கும் எழுதும் அந்தக் கடிதத்தில் எண்ணிக்கை அட்டவணையும் வரைபடமும் இணைந்திருக்கும். கோரிக்கைகளை மூன்று அடுக்காக்கச் சொல்லலாம்: செலவே இல்லாதவை, சிறு செலவில் ஆகக்கூடியவை, நிதி ஒதுக்கினால் மட்டும் ஆகக்கூடியவை. வாசலைத் திறக்கும் நேரத்தை மாற்றுவதற்குச் செலவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் பெரிய ஆட்டங்களை நிறுத்திச் சிறு பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் விடுவது, பாவு நீட்டும் தெருவில் வேளை பிரிப்பது போலத்தான், அதற்கும் செலவில்லை. விளக்கு எரிய வைப்பது சிறு செலவு. நீரூற்றுக்கு வரிசையின் கடைசியில் இடம் கிடைக்கும். கிடைக்காமலும் போகலாம்.

கேட்கும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதும் பாடம்தான். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989-இல் நிறைவேறியது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. அதன் 31-ஆம் பிரிவு விளையாடும் உரிமையைச் சொல்கிறது; 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துச் சொல்லும் உரிமையை. தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முதலாக நடந்தன. கிராமங்களுக்குக் கிராம சபை போல நகரத்து வார்டுகளுக்கு இது. குழந்தைகள் வாக்காளர்கள் அல்லர். ஆனால் அவர்கள் தயாரித்த அட்டவணையைப் பெற்றோர் அங்கே எடுத்துப் படிக்கத் தடையில்லை. உயர்நிலை வகுப்புகளில் இன்னொரு விதியையும் சேர்க்கலாம். 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் வளர்ச்சிப் பணி செய்வோர், சாலைகள் போக மிஞ்சிய பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். ஊரின் ஓரங்களில் வயல்கள் மனைகளாகும்போது, அந்தப் பத்து சதவீதம் எங்கே என்று கேட்கத் தெரிந்த தலைமுறை வேண்டும். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது குடியிருப்போர் வழக்காடினார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளை மேடையில் நிறுத்திப் பேசவைத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து அனுப்பிவிட்டு, முன்பே முடிவான வரைபடத்தை நிறைவேற்றுவதும் நடக்கும். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட தம் நூலில் குழந்தைகள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகக் காட்டினார். இப்படிப்பட்ட அலங்காரப் பங்கேற்பைக் கீழ்ப்படிகளில் வைத்துப் பங்கேற்பே அல்ல என்றார். இதைத் தவிர்க்க ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்று. எந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது, எது இல்லை, ஏன் இல்லை என்ற பதிலை அதிகாரியிடமிருந்து கேட்டு வாங்கி வகுப்பில் படித்துக் காட்டுவது. ‘முடியாது, குழாய் அடியில் போகிறது’ என்பது நல்ல பதில். பதிலே இல்லாமல் போவதுதான் பிள்ளைகளை முடக்கும். ஆகவே கடிதம் அனுப்பும் நாளிலேயே நினைவூட்டுக் கடிதத்தின் தேதியையும் கரும்பலகை மூலையில் எழுதி வைத்துவிடுங்கள்.

மதிப்பீட்டுக்குத் தனித் தேர்வு வேண்டியதில்லை. அட்டவணை, வரைபடம், நேர்காணல் குறிப்பு, கடிதம் நான்கும் வளரறி மதிப்பீட்டுக்குப் போதும். கோப்பைத் தூக்கி எறியாமல் அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு ஒப்படைத்துவிட்டால், அவர்கள் அதே அட்டவணையை எடுத்துக்கொண்டு அதே நான்கு வேளையில் மறுபடி எண்ணலாம். மாலை ஐந்தரைக் கட்டத்தில், ஐந்தாம் பத்தியில், போன ஆண்டு மூன்று கோடுகள் இருந்திருந்தால் இந்த ஆண்டு எத்தனை என்று பார்த்துச் சொல்லட்டும்.